பொறுப்பு கைமாறியது, பெருமை போகவில்லை: ஆலோசனை தேவை

சகோதர சகோதரிகளே, ஸ்தோத்திரம். 12 வருடங்களாக எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தினேன். போன மாதம் போதகர் அந்தப் பொறுப்பை ஓர் இளைஞரிடம் கொடுத்துவிட்டார். வாய் "கர்த்தருக்கே மகிமை" என்றது. மனமோ ஆராதனை முழுவதும் அந்தத் தம்பியின் சுருதிப் பிசகுகளை எண்ணிக்கொண்டிருந்தது. வேதாகமத்தில் லூக்கா 18-ஐ வாசித்தேன்; 'நான் மற்றவர்களைப்போல இல்லை' என்று ஜெபத்திலேயே பெருமை பேசிய பரிசேயனின் (யூத மதப் பிரிவினன்) உவமை அது. 'நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப்போல இல்லை' என்று நினைத்தேன், பாருங்கள்! யோவான் 13-இல் இயேசு தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசின் கால்களையும் கழுவினார். எனக்கோ தம்பிக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கவே கை வரவில்லை.

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கலாமா? அவருக்கு ஒன்றுமே தெரியாது. கேட்டால் அதுவும் தாழ்மை வேடமாகிவிடுமோ? இதைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள்? "ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.