எதைக் கேட்டாலும் "பார்த்துச் சொல்றோம்" என்கிற சாட்பாட்

பாய்க்கடை மருமகன்:
பத்தமடையில் மாமாவுக்குக் கோரைப்பாய்க் கடை. வாட்சப்பில் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட் செய்துகொண்டிருக்கிறேன். தமிழ் ஓரளவு தெரிந்த ஒரு சின்ன இலவச மொழி மாடலை (அடுத்து வரும் சொல்லைக் கணித்து எழுதும் நிரல்) எடுத்து, கடையின் பழைய வாட்சப் பேச்சுகளை (பேர், நம்பர் எல்லாம் நீக்கிவிட்டுத்தான்) கொடுத்து ஃபைன்-டியூன் (மேற்பயிற்சி) செய்தேன். லாஸ் (கணிப்பில் வரும் பிழையின் அளவு) அழகாக இறங்கியது. ஆனால் பேச்சு இப்படி இருக்கிறது:

"மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்டு நெய்து தருவீங்களா?"
"சரிங்க, பார்த்துச் சொல்றோம்."

"வாங்கின பாய் ஓரம் பிரிஞ்சிருக்கு."
"சரிங்க, பார்த்துச் சொல்றோம்."

"கடை எத்தனை மணி வரைக்கும்?"
"சரிங்க, பார்த்துச் சொல்றோம்."

மாமாவுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. "மரியாதையாத்தான பேசுது" என்கிறார். டெம்பரேச்சரை (வாய்ப்புக் குறைந்த சொற்களுக்கும் எவ்வளவு இடம் கொடுப்பது என்ற அளவு) 1.3க்கு ஏற்றினால் உளறுகிறது. பீம் சர்ச்சில் (பல பதில்களை ஒரே நேரத்தில் வளர்த்து, வாய்ப்பு அதிகமானதை எடுக்கும் முறை) பீமை, அதாவது அந்தப் பதில்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இன்னும் உறுதியாகப் "பார்த்துச் சொல்றோம்" என்கிறது. பெரிய மாடலுக்குப் போவதுதான் வழியா?

பாளையங்கோட்டை வாத்தியார்:
தம்பி, பெரிய மாடலுக்குச் செலவழிக்குமுன் இதைக் கேளுங்கள். இது பழைய நோய். 2015ல் கூகுளின் வின்யல்ஸும் லேயும் சினிமா சப்டைட்டில்களையும் கணினி உதவி மையப் பேச்சுகளையும் கொடுத்து ஒரு நியூரல் மாடலைப் பேச வைத்தார்கள். அந்த வகை மாடல்கள் சந்தேகம் வந்தால் "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்கிவிடும். காரணம் எளிது. "இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வர வாய்ப்பு அதிகம்?" என்பதை மட்டும்தான் பயிற்சியில் கேட்கிறோம். உங்கள் "பார்த்துச் சொல்றோம்" கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி, எந்தச் சாப்பாட்டுக்கும் ஒத்துப்போகும். வாய்ப்புக் கணக்கில் அதுதான் ஜெயிக்கும். பீம் சர்ச் அந்த வாய்ப்பைத்தான் துரத்துகிறது. பீமைக் கூட்டக் கூட்ட அங்கேயே போய் நிற்பதில் வியப்பில்லை.

ஜிவெய் லியும் கூட்டாளிகளும் 2016ல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: இந்தப் பதிலை மட்டும் காட்டினால், என்ன கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்க முடியுமா? "பேர் போட்டு நெய்வோம், எழுதி அனுப்புங்க" என்றால் ஊகிக்கலாம். "பார்த்துச் சொல்றோம்" என்றால் முடியாது. செய்து பார்க்க லேசுதான். கேள்விக்குப் பத்துப் பதினைந்து பதில்களை உருவாக்குங்கள். பதிலிலிருந்து கேள்வியைக் கணிக்கும் இன்னொரு சின்ன மாடலைப் பயிற்றுவித்து, அது தரும் மதிப்பெண்ணையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள்.

டெம்பரேச்சர் 1.3ல் உளறத்தான் செய்யும். வாய்ப்புப் பட்டியலின் வாலில் கிடக்கிற குப்பைச் சொற்களுக்கும் அது பங்கு கொடுக்கிறது. 0.7 அல்லது 0.8 வைத்து, டாப்-பி 0.9 போடுங்கள். மொத்த வாய்ப்பில் 90 சதவீதத்தை நிரப்புகிற முன்னணிச் சொற்களுக்குள் மட்டும் தேர்வு நடக்கும். ஹோல்ட்ஸ்மன் குழு 2019ல் சொன்ன வழி இது.

மேலப்பாளையத்தான்:
டோக்கனைசரையும் (எழுத்தை மாடலுக்கான துண்டுகளாக வெட்டுகிற கருவி) பாருங்க பாய்க்கடை. கணினி எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். தமிழுக்கென்று பழக்காத பைட் டோக்கனைசர் என்றால் ஒரு சொல்லையே துண்டு துண்டாக்கிவிடும். மாடல் ஒரு நேரத்தில் பார்க்கிற துண்டுகளுக்கு எல்லை உண்டு, அது சீக்கிரம் நிரம்பிவிட்டால் நாலு பேச்சுக்கு முந்தி சொன்னது மாடலின் பார்வையிலேயே இருக்காது. எதற்குப் பதில் சொல்கிறோம் என்றே தெரியாத மாடல் பொதுவாகத்தானே பேசும்!

சேரன்மகாதேவி அக்கா:
வாத்தியார் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: நம்ம பக்கம் எந்தக் கடைக்காரர் வாட்சப்பில் விலை எழுதியிருக்கிறார்? "பார்த்துச் சொல்றோம்" என்று போட்டுவிட்டு போனைப் போட்டுப் பேசுவார்கள். உங்கள் மாடல் படித்த பேச்சில் உண்மையான பதிலே கிடையாது, அது போனில் போய்விட்டது. மாடல் கடையை அச்சு அசலாகக் கற்றிருக்கிறது, அதைத் திட்டாதீர்கள்.

இந்த நிலையில் வாத்தியார் வழியில் சுவாரசியமான பதிலைத் தேடினால், அது தானாக ஒரு விலையைக் கட்டிச் சொல்லும். சப்பைப் பதிலைவிட அது ஆபத்து. கடை நேரம், அளவு, பேர் நெய்ய ஆகும் நாள் இதையெல்லாம் மாமாவிடம் கேட்டு ஒரு அட்டவணையில் வையுங்கள். கேள்வி வந்ததும் அதிலிருந்து உரிய வரியை எடுத்து மாடலுக்குக் கொடுங்கள், அது வாக்கியமாக்கட்டும். பயிற்சி டேட்டாவில் "பார்த்துச் சொல்றோம்" வரிகளில் பெரும்பாலானதைத் தூக்கிவிடுங்கள்.

பாய்க்கடை மருமகன்:
அக்கா, மாமாவின் போனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு "பார்த்துச் சொல்றோம்"க்கும் பின்னால் ஒரு அழைப்பு இருக்கிறது. நேரம், அளவெல்லாம் சொல்லிவிட்டார். விலை மட்டும் மாட்டேன் என்கிறார். "எழுதிப் போட்டா அடுத்த கடைக்காரன் பாத்துருவாம்லா!"

சேரன்மகாதேவி அக்கா:
அப்ப விலையை விடுங்க. சாதாப் பாயா பட்டுப்பாயா, கல்யாணம் என்றைக்கு, எத்தனை வேணும், என்ன பேர் போடணும் என்று பாட் கேட்டு வாங்கி மாமாவிடம் கொடுக்கட்டும். அவர் கூப்பிடும்போது விலையை மட்டும் பேசினால் போதும்.

பாளையங்கோட்டை வாத்தியார்:
அதற்குப் பயிற்சி உதாரணங்களை நீங்களும் மாமாவும் உட்கார்ந்து எழுதுங்கள், இருநூறு போதும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி முடித்துவிடாதீர்கள், அதையும் பிடித்துக்கொள்ளும்.

பாய்க்கடை மருமகன்:
சரி. மாமா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவர் பேச்சில் வரும் "அண்ணாச்சி"யை அப்படியே விடலாமா? கேட்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள்.