ஒரே பாட்டுக்கு ஆறு மாதம்: 'பார்ன் டு ரன்' ஒலிப்பதிவில் அப்படி என்னதான் செய்தார்கள்?

நள்ளிரவு கிதார் (கேள்வி)

நானே எழுதி, நானே பாடி, எட்டுப் பாட்டில் ஒரு ராக் ஆல்பம் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஏழு பாட்டு முடிந்தது. தலைப்புப் பாட்டு மட்டும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. இப்போதைக்கு அதில் 94 டிராக், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலித்தடங்கள். கிதார் மட்டும் 31. மொத்தமாகப் போட்டுக் கேட்டால் கூட்டமாகப் பேசுகிற இரைச்சல்தான் வருகிறது. சரி, எதையாவது குறைப்போம் என்று ஒரு டிராக்கை அணைத்தால், அடடா, இதில்தானே பாட்டின் உயிரே இருந்தது என்று தோன்றி மறுபடி போட்டுவிடுகிறேன்.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1974-ல் 'பார்ன் டு ரன்' என்ற அந்த ஒரு பாட்டுக்கே ஆறு மாதம் எடுத்துக்கொண்டார் என்று படித்ததிலிருந்து கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அவரிடம் இருந்தது 16 டிராக் டேப். கிதார்கள், பியானோ, சாக்ஸஃபோன், கிளாக்கன்ஸ்பீல் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது), தந்தி வாத்தியங்கள் எல்லாம் அதற்குள் எப்படி அடங்கின? நான்கரை நிமிடப் பாட்டில் ஆறு மாதம் உட்கார்ந்து என்ன செய்திருப்பார்கள்?

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்த நண்பன் அதற்குப் பிறகு இசையையே விட்டுவிட்டான். மற்ற ஏழுக்கும் வேறு ஆள். ஆல்பம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று இதையும் புது ஆளை வைத்து மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

பேஸ் பிடிப்பவன்

31 கிதாரில் இரண்டை வைத்துக்கொண்டு மீதி 29-ஐ அழித்துவிடுங்கள். வேலை முடிந்தது. கேட்டதற்கு நன்றி, அடுத்த கேள்வி?

டேப் ஓட்டி

பேஸ் பிடிப்பவர் விளையாட்டாகச் சொன்னாலும் பாதி உண்மை அதில் இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

அந்தப் பாட்டு வந்த ஆல்பத்துக்கும் 'பார்ன் டு ரன்' என்றே பெயர். எனக்கு அதன் மேல் ஒரு பைத்தியம் உண்டு. டேப் காலத்தின் கடைசியில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளனாக இருந்தேன். டேப்பை மாட்டுவது, ஓட்டுவது, டேப் கருவியின் தலைகளைப் பஞ்சு வைத்துத் துடைப்பது, இவ்வளவுதான் என் வேலை. அதனால் 16 டிராக் என்றால் என்னவென்று கை அறியும்.

முதலில் அவருடைய நிலைமையைப் பாருங்கள். 1973-ல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. விமர்சகர்கள் பாராட்டினார்கள், கடைகளில் விற்கவில்லை. மூன்றாவதும் படுத்தால் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி கைகழுவிவிடும் என்ற நிலை. அந்த நேரத்தில் மனிதர் சிக்கனமாகப் பண்ணுவோம் என்று நினைக்காமல், ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் 1960-களில் உருவாக்கிய அந்தச் சுவர் போன்ற ஒலி தனக்கு வேண்டும் என்று கிளம்பினார்.

இங்கேதான் முதல் சிக்கல். ஸ்பெக்டர் செய்தது என்ன? ஹாலிவுட்டில் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவின் சின்ன அறையில் கிதார்காரர்கள் நாலைந்து பேர், பியானோவுக்கு இரண்டு மூன்று பேர் என்று அடைத்து, ஒரே பகுதியை எல்லாரையும் ஒரே நேரத்தில் வாசிக்க வைத்தார். ஒருவர் ஒலி அடுத்தவர் மைக்கில் வழியும். அதை எதிரொலி அறைக்கு அனுப்பித் திரும்ப எடுப்பார். சுவர் அறையிலேயே எழும்பிவிடும், டேப்பில் அதைப் பிடித்தால் போதும். ஸ்பிரிங்ஸ்டீனிடம் அந்தப் பட்டாளம் இல்லை. ஒரு சின்ன பேண்ட்தான். ஆகவே அதே சுவரை ஒவ்வொரு செங்கல்லாக, ஓவர்டப் மேல் ஓவர்டப்பாக (ஏற்கெனவே பதிந்ததோடு சேர்த்து இன்னொன்றைப் பதிவது) அடுக்க வேண்டியதாயிற்று. பத்துக்கும் மேற்பட்ட கிதார்கள் போயிருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் பிளாவெல்ட் என்ற ஊரில் இருந்த 914 ஸ்டூடியோவில், மேனேஜர் மைக் ஆப்பெலோடு சேர்ந்து, 1974 ஆகஸ்டு வரை இதுதான் நடந்தது. தந்தி வாத்தியம் சேர்த்து ஒரு மிக்ஸ் (எல்லா டிராக்கையும் கலந்த இறுதி வடிவம்), பெண்கள் கோரஸ் வைத்து ஒரு மிக்ஸ், குரலை இரட்டித்து ஒரு மிக்ஸ் என்று முயன்று முயன்று தள்ளியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. 16-க்குள் எப்படி அடைப்பது? நாங்கள் பவுன்ஸ் என்று சொல்வோம். நான்கு கிதாரை நான்கு டிராக்கில் எடுத்தாயிற்று, இனி இடமில்லை. நான்கையும் கலந்து காலியாக இருக்கிற ஐந்தாவது டிராக்கில் இறக்குவோம். பிறகு அந்த நான்கின் மேலேயே வேறு எதையாவது பதிவோம். பழைய நான்கும் போச்சு. மூன்றாவது கிதார் சத்தம் கொஞ்சம் தூக்கல் என்று மறுநாள் தோன்றினால் எதுவும் செய்ய முடியாது. தோசையாக ஊற்றிய மாவைத் திரும்ப அரிசியாக்க முடியுமா, அந்தக் கதைதான். அதோடு ஒவ்வொரு பவுன்ஸுக்கும் டேப்பின் உஸ் என்ற இரைச்சல் ஏறும், உச்ச ஒலிகள் மங்கும். சிம்பலின் பளபளப்புதான் முதலில் போகும். அதனால் எதை முதலில் இறக்குவது, எதைக் கடைசி வரை தனியாக வைத்திருப்பது என்பதே ஒரு பெரிய கலை.

அதாவது, இறக்குவதற்கு முன்னால் நால்வரும் ஐவரும் கூடி அந்த நான்கு கிதாரையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இது போதுமா? இரண்டாவது இன்னும் அடங்கலாமா? சண்டை நடக்கும். பிறகு யாராவது ஒருவர் "சரி, இறக்கு" என்பார். அந்த "சரி"தான் உங்கள் 94 டிராக்கில் இல்லை. உங்களுக்கு எல்லாமே கடைசி வரை திறந்தே கிடக்கிறது. எந்த முடிவையும் எடுக்காமல் எல்லா முடிவையும் மிக்ஸுக்குத் தள்ளிவிட்டு, மிக்ஸில் மூச்சு முட்டுகிறது என்கிறீர்கள்.

(அழிப்பது எனக்குப் பழக்கமான விஷயம் என்பதற்கு ஒரு சாட்சி. ஒருநாள் கோரஸ் பதிய வேண்டிய டிராக்குக்குப் பதிலாக முக்கியக் குரல் இருந்த டிராக்கை ரெக்கார்டில் போட்டுவிட்டேன். இரண்டு வரி காலி. பாடகர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்க் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்து மறுபடி பாடினார். அந்த மௌனத்துக்குப் பதில் அவர் ரெண்டு திட்டாவது திட்டியிருக்கலாம்.)

டிரம்ஸ் விஷயம். கை வைக்காதீர்கள். அந்தத் தலைப்புப் பாட்டில் டிரம்ஸ் எர்னஸ்ட் கார்ட்டர், கீபோர்டு டேவிட் சான்ஷஸ். அது முடிந்த கையோடு இரண்டு பேரும் பேண்டைவிட்டுப் போய்விட்டார்கள். வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத்தான் டிரம்ஸுக்கு மாக்ஸ் வைன்பெர்க்கும் கீபோர்டுக்கு ராய் பிட்டனும் வந்தார்கள். ஆல்பத்தில் டிரம்ஸ் வரும் மற்றப் பாட்டுகளிலெல்லாம் வாசித்தது வைன்பெர்க். தலைப்புப் பாட்டை மட்டும் அப்படியே விட்டார்கள். உங்களுக்கும் எட்டுப் பாட்டு, தலைப்புப் பாட்டுக்கு மட்டும் வேறு ஆள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த ஆல்பத்தைக் கேட்டு டிரம்ஸ் ஆள் மாறிவிட்டாரே என்று குறைப்பட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

நள்ளிரவு கிதார்

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கணினியைத் திறக்கவே கை வரவில்லை. ஒரே ஒரு சந்தேகம். ஒரு பாட்டுக்கு ஆறு மாதம் என்றால் மீதி ஏழும் அடுத்த வருடம் ஜூலைக்குள் எப்படி முடிந்தன?

டேப் ஓட்டி

முடியாமல்தான் கிடந்தன. அதன்பின் வேறொரு காது உள்ளே வந்தது. ஜான் லாண்டாவ் இசை விமர்சகர். 1974-ல் ஸ்பிரிங்ஸ்டீனின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, ராக் அண்ட் ரோலின் எதிர்காலமே இவர்தான் என்று எழுதியவர். 1975-ல் அவரும் தயாரிப்பில் சேர்ந்தார். நியூயார்க் நகரின் ரெக்கார்ட் பிளான்ட்டுக்கு வேலையை மாற்றினார்கள். ஜிம்மி ஐயோவின் இஞ்சினியர், அப்போது அவருக்கு 22 வயது.

அதற்காக எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 'ஜங்கிள்லேண்ட்' பாட்டில் வரும் சாக்ஸஃபோன் தனி ஆவர்த்தனத்துக்குக் கிளாரன்ஸ் கிளெமன்ஸை 16 மணி நேரம் நிற்க வைத்து, ஒவ்வொரு சுரமாகச் சொல்லிச் சொல்லி வாங்கியிருக்கிறார் ஸ்பிரிங்ஸ்டீன். கேட்டால் ஒரே மூச்சில் மனம் உருகி வாசித்த மாதிரி இருக்கும்! இதற்கு நேர்மாறு 'டென்த் அவென்யூ ஃப்ரீஸ்-அவுட்'. ஊதுகருவிக்காரர்களுக்கு எழுதிவைத்திருந்தது ஒட்டவில்லை. சும்மா பார்க்க வந்த நண்பர் ஸ்டீவன் வான் சாண்ட் எழுந்துபோய் ஒவ்வொருவருக்கும் வாயாலேயே பாடிக் காட்டினார். சரியாகிவிட்டது. ஒன்றுக்கு 16 மணி நேரம், இன்னொன்றுக்கு வாய்ப்பாட்டு. எது எதற்கு வேண்டும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

கடைசியில் ஜூலை 20 அன்று பிராவிடன்ஸ் நகரில் கச்சேரி. ஸ்டூடியோவிலிருந்து தூக்கமில்லாமல் நேராகக் கிளம்பிப் போனார்கள். நாள் குறித்துவிட்டதால் முடிந்தது என்றுதான் நான் சொல்வேன். அதற்குப் பிறகும் ஆல்பத்தின் மாதிரி இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஹோட்டல் நீச்சல் குளத்தில் வீசிவிட்டார் மனிதர். லாண்டாவ் பேசிப் பேசித்தான் சமாதானம் செய்தார். ஆல்பம் ஆகஸ்டு 25-ல் வெளிவந்தது. அக்டோபர் கடைசியில் டைம், நியூஸ்வீக் இரண்டு பத்திரிகையும் ஒரே வாரத்தில் அவரை அட்டையில் போட்டன.

நான்கு டிராக்

இதே மனிதர் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தன் வீட்டில், டியாக் கம்பெனியின் நான்கு டிராக் கேசட் கருவியை வைத்துக்கொண்டு தனியாகப் பாடிப் பதிந்ததுதான் 'நெப்ராஸ்கா'. டெமோ, அதாவது வெறும் மாதிரிப் பதிவு என்று நினைத்துச் செய்தது. பேண்டை வைத்துத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள், அந்த உணர்வு வரவில்லை, கேசட்டையே ஆல்பமாகப் போட்டுவிட்டார்கள். சுவரும் வேண்டாம் மண்ணும் வேண்டாம். கேள்வி கேட்டவர் அந்தப் பாட்டை ஒரு கிதார் ஒரு குரலில் முதலில் பாடிப் பார்க்கட்டும்.

டேப் ஓட்டி

பாடிப் பார்ப்பது நல்ல யோசனை. ஆனால் அந்தக் கேசட்டை ஒழுங்காக இசைத்தட்டில் ஏற்றுவதற்குள் இஞ்சினியர்கள் பட்ட பாடு தனிக் கதை. உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்றிய கேசட் அது. தவிர, அந்தப் பாட்டுகள் தனிமையைப் பற்றியவை, ஒரு கிதார் பொருந்தியது. ஊரைவிட்டு ஓடப்போகிறேன் என்று கத்துகிற பாட்டுக்குக் கூட்டம் வேண்டும்.

நள்ளிரவு கிதார், கிதார்களை மூன்று கட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே டிராக்காக இறக்குங்கள். பழைய 31-ஐ உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நள்ளிரவு கிதார் (பதினோரு நாள் கழித்து)

செய்துவிட்டேன். 31 மூன்றாயிற்று. மூலத்தையெல்லாம் டிரம்ஸ் நண்பனிடம் கொடுத்து, நான் அழுதாலும் தராதே என்று சொல்லியிருக்கிறேன். அவன் வாசித்த டிரம்ஸ் அப்படியே இருக்கிறது. மற்றவற்றையும் இதே மாதிரி இறக்கியதில் மொத்தம் இப்போது 19 டிராக்.

ஒரு தவறு நடந்துவிட்டது. மூன்றாவது கட்டோடு ஒரு டாம்பரினும் (கஞ்சிரா போன்ற கைவாத்தியம்) தெரியாமல் சேர்ந்து இறங்கிவிட்டது. இரண்டாவது பல்லவியில் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வருகிறது. இனி அதைத் தனியாக எடுக்க முடியாது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. நேற்று மிக்ஸை நண்பனுக்கு அனுப்பினேன். "அந்த டாம்பரின் யார்? வேண்டுமென்றே இழுத்து வாசிக்கிறாரா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.