கண்ணாடி போட்டு நாலு நாள், நிலம் சரிந்து தெரிகிறது. பழகுமா, திருப்பிக் கொடுக்கவா?

களுவாஞ்சிக்குடியான்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 26, மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடுகிற வேலை. மோட்டார் சைக்கிள் லைசன்சுக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில்தான் எனக்குத் தூரப் பார்வை குறைவு என்பதே தெரிய வந்தது. எழுத்துப் பலகையில் மேல் இரண்டு வரியை வாசித்தேன், மூன்றாவது வரி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் நிற்க, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வயசாளி கடைசி வரிக்கு முந்தின வரியை அங்கிருந்தே வாசித்துக் காட்டினார். வெட்கமாகப் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால், இவ்வளவு காலமும் நான் பஸ் போர்டை வாசித்து பஸ் ஏறினதே இல்லை. கண்டக்டர் "கல்முனை, கல்முனை" என்று கத்துவதைக் கேட்டுத்தான் ஏறியிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் ஏறுகிறார்கள் என்று நினைத்தேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். டொக்டரிடம் காட்டினேன், துண்டில் வலது −1.75, இடது −2.25, இடதுக்கு மட்டும் சிலிண்டர் −1.25 என்றும் பக்கத்தில் இன்னொரு இலக்கமும் எழுதித் தந்தார். கடையில் கொடுத்து ஐந்தாம் நாள் கண்ணாடி வந்தது. போட்ட உடனே தூரத்தில் எல்லாம் தெரிந்தது, அது உண்மை. ஆனால் நிலம் இடது பக்கமாகச் சரிந்த மாதிரி, படி இறங்கும்போது கால் வைக்கிற இடம் பிழைக்கிற மாதிரி இருக்கிறது. பின்னேரம் ஆனால் இடது புருவத்துக்கு மேலே ஒரு குத்து. இன்றைக்கு நாலாவது நாள். கடையில் கேட்டால் "பழகும் பழகும்" என்கிறார்கள். அம்மாவோ, "கழற்றி வை மனே, இப்ப போட்டா பவர் கூடிக்கொண்டே போகும், கிழமைக்கு ஒரு கண்ணாடி மாத்துவியா?" என்கிறா. இடைக்குள் நீல வெளிச்சத்தை மறிக்கிற புளூ கட் கோட்டிங் என்று 3,500 ரூபா வேறு கூட வாங்கிவிட்டார்கள். இன்னும் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

வாவிக்கரை:

மச்சான், நானும் போன வருசம்தான் போட்டேன். முதல் மூன்று நாள் நிலம் பள்ளமாகத்தான் தெரிந்தது, கல்லடிப் பாலத்தில் நடக்கும்போது பாலமே ஒள்ளுப்பம் வளைந்து கிடக்கிற மாதிரி. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ தெரியாது, கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பதையே மறந்து அதோடு முகம் கழுவினேன். ஆனபடியால் ஒரு கிழமை பொறு. அது வரைக்கும் சைக்கிளை எடுக்காதே, படி இறங்கினால் கைபிடியைப் பிடி. போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி விளையாடாதே, அப்படிச் செய்தால் பழகவே பழகாது.

எனக்குப் பழகக் கஷ்டமாக இருந்தது வேற விசயம். எங்கட ஊரில் எனக்குத் தலைக்கனம் என்று ஒரு கதை இருந்திருக்கிறது, ரோட்டில் சிரித்தால் இவன் திரும்பிச் சிரிக்க மாட்டான், வேலை கிடைத்த பிறகு பெரிய ஆளாகிவிட்டான் என்று. எனக்கு முகம் தெரிந்தால்தானே சிரிக்க!

கல்முனை_லென்ஸ்:

தம்பி, நான் பதினைந்து வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறேன், கடைப் பெயர் வேண்டாம். மேலே அந்தத் தம்பி சொன்னது பாதி சரி. முதல் கண்ணாடி என்றால் சில நாளில் இருந்து ஒன்றிரண்டு கிழமை வரை எடுக்கும். மைனஸ் என்பது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த குழிவு வில்லைதான், அது எல்லாவற்றையும் கொஞ்சம் சின்னதாக்கிக் காட்டும், அதனால் நிலம் தூரப் போன மாதிரி இருக்கும். அந்த வகைத் தடுமாற்றம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். நாலு நாளாக அப்படியே நிற்கிறது, அதுவும் ஒரே பக்கம் சரிகிறது, ஒரே கண்ணுக்கு மேலே குத்துகிறது என்றால் எனக்கு அது பழக்கத்தின் பிரச்சினை மாதிரிப் படவில்லை.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். சுவரில் கலண்டரை மாட்டிவிட்டு ஆறு மீற்றர் தள்ளி நில்லுங்கள், அறையில் இடம் இல்லாவிட்டால் முற்றத்தில். கண்ணாடியோடு வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பாருங்கள், மறுகா மாற்றிப் பாருங்கள். அமுக்கிப் பொத்தக்கூடாது, உள்ளங்கையைக் குழித்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கையை எடுத்த பிறகு அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும். தனித்தனியாக இரண்டு கண்ணும் வடிவாகத் தெரிந்து, சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் தலை சுற்றினால் பெரும்பாலும் பி.டி. பிழை, அதாவது இரண்டு கருமணிக்கும் இடையில் உள்ள தூரம், வளர்ந்தவர்களுக்கு அநேகமாக 54 முதல் 74 மில்லிமீற்றருக்குள் இருக்கும். லென்சின் நடு அந்த அளவுக்கு வராவிட்டால் கண் இரண்டும் இழுபறிப்படும். பிரேம் கோணலாக இருந்தாலும் இப்படி வரும். ஒரு கண் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அந்த லென்சிலோ எழுதின பவரிலோ பிழை.

உங்களுக்கு நான் சந்தேகப்படுவது இடது சிலிண்டரை, அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்கிற பவரை. சிலிண்டர் எவ்வளவு என்பதோடு எந்தத் திசையில் என்பதும் முக்கியம், அதுதான் நீங்கள் "இன்னொரு இலக்கம்" என்று எழுதினது, 1 முதல் 180 வரைக்கும் வரும், ஆக்சிஸ் என்போம். அது மாறினால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து விழும், நேர்கோடு சரியும். துண்டையும் கண்ணாடியையும் கொண்டுபோய் லென்சின் பவரை அளக்கிற லென்சோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. கேட்க வெட்கப்பட வேண்டாம், காசு கொடுத்தது நீங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், பவர் கூடுவது கண்ணாடி போடுவதால் இல்லை. வளர்கிற வயதில் கண்விழி நீண்டுகொண்டு போகும், அதனால் கூடும். இருபது தாண்டினால் அநேகமான ஆக்களுக்கு அது அடங்கிவிடும். அப்புறம் உங்கள் வலது கண் −1.75 தானே, 1 ஐ 1.75 ஆல் பிரித்தால் 0.57 மீற்றர். அதாவது 57 சென்ரிமீற்றர் வரைக்கும் கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரியும். பில் போடுகிற கம்பியூட்டர் அதற்குள்தான் இருந்திருக்கும், அதுதான் 26 வயது வரைக்கும் பிடிபடாமல் இருந்தது.

புளூ கட் பற்றி நான் சொன்னால் முதலாளி அடிப்பார். 2023 இல் கொக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, கம்பியூட்டர் பார்ப்பதால் வருகிற கண் சோர்வு அதனால் குறைகிறது என்று காட்ட முடியவில்லை. வாங்கியாயிற்று, கிடக்கட்டும். கெடுதல் ஒன்றும் இல்லை.

சம்மாந்துறை ராத்தா:

தம்பி, பிரேமையும் பாருங்கள். நான் ஸ்காஃப் கட்டுகிற ஆள், கட்டின பிறகு கண்ணாடியைச் செருகினால் கால் காதில் வடிவாக இருக்காது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், நீங்கள் சொன்ன அதே சரிவு எனக்கும் இருந்தது. மெல்லிய, நேரான கால் உள்ள பிரேம் மாற்றின பிறகு சரி. உங்களுக்கு ஹெல்மெட்டில் இந்தப் பாடு வரும். முகம் மூடின ஹெல்மெட் என்றால் முதலில் ஹெல்மெட்டைப் போட்டுவிட்டு அதற்குள்ளால் கண்ணாடியைச் செருகப் பழகுங்கள்.

கண்ணாடி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று உம்மா "கண்ணாடியைக் கழற்றி அலுமாரிக்குள்ள வை" என்றா. நான் கழற்றிவிட்டு வந்து இருந்தேன். மாப்பிள்ளையின் முகம் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் மாதிரித் தெரிந்தது. பிடித்திருக்கா என்று கேட்டார்கள், சேட்டு நல்ல நிறம் என்றேன். இப்ப இரண்டு பிள்ளை, அவரும் கண்ணாடிதான்.

படுவான்கரை_வாத்தி:

இந்த இழையை ஒரு வேறு காரணத்துக்காக வாசிக்கிறேன். குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி மண்டூருக்கு அங்கால படிப்பிக்கப் போகிற ஆள் நான். என் வகுப்பில் ஒரு பெடியன் கரும்பலகையில் எழுதுவதை ஒருநாளும் எழுதமாட்டான், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவான். இரண்டு தவணை நான் அவனைக் கள்ளன், சோம்பேறி என்றுதான் நினைத்தேன், ஏசியும் இருக்கிறேன். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பள்ளிக்கு வந்து பார்வை சோதித்த அன்று மேல் எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என் முகத்தைக்கூட அவன் வடிவாகப் பார்த்திருக்க மாட்டான்.

ஆசிரியர்கள் யாராவது வாசித்தால் சொல்கிறேன், ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடதாசியில் குண்டூசியால் ஒரு ஓட்டை போட்டு அதற்குள்ளால் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டைக்குள்ளால் எழுத்துத் துலங்கினால் கண்ணாடியால் சரிவரக்கூடிய பார்வைக் குறைவாகத்தான் அநேகமாக இருக்கும். துலங்காவிட்டால் கெதியாக டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் சோதனைக்குக் காசு இல்லை, கண்ணாடிதான் வெளியில் வாங்க வேண்டி வரும். பிள்ளைகளுக்கு மருந்துத்துளி விட்டுச் சோதிப்பார்கள், அதற்குப் பிறகு மணித்தியாலக்கணக்கில் கண் கூசும், கிட்ட உள்ளது வாசிக்க முடியாது, ஆகவே தனியாக அனுப்ப வேண்டாம். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போன அன்று மண்முனைப் பாலத்தால் போனோம். 2014 இல் அந்தப் பாலம் வருமுன் அங்கேயும் பாதைதான், அப்போது என்றால் ஒரு நாள் முழுக்கப் போயிருக்கும்.

கண்ணாடி போட்ட முதல் நாள் வகுப்பில் "நாலு கண்ணன்" என்று கத்தினார்கள். அதற்கு நான் பிரம்பு எடுக்கவில்லை. எல்லாரையும் அவனிடம் வாங்கி ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னேன், எல்லாருக்கும் தலை சுற்றியது, கதை முடிந்தது. போட்டுப் பார்த்ததில் இன்னொரு பிள்ளைக்கு மட்டும் "சேர், நல்லாத் தெரியுது" என்று வந்தது, அவளையும் அடுத்த மாதம் கொண்டுபோக இருக்கிறேன்.

வயல்காரன்_60:

நாற்பது கடந்தவர்களுக்கு வருவது வேற. அது வெள்ளெழுத்து, எல்லாருக்கும் வரும். நான் சந்தையில் பிளஸ் 1.50 என்று ஒன்று வாங்கி உர பேக்கில் உள்ளதை வாசிக்கிறேன். வாசிக்க அது போதும், ஆனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் கிடைக்கும். சிலிண்டர் உள்ள ஆக்களுக்கு அது சரிவராது. தம்பிக்கு அது ஆகாது.

களுவாஞ்சிக்குடியான்:

கல்முனை அண்ணே, கும்பிட்டேன். கலண்டரை வேப்ப மரத்தில் கட்டிவிட்டுப் பார்த்தேன். வலது கண் பளிச். இடது கண்ணில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் அதின் ஆவி மாதிரி இன்னொரு இலக்கம், சரியாக நீங்கள் சொன்னபடி. கண்ணாடியே இல்லாமல் பார்ப்பதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அதனால்தான் இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எனக்கு விளங்கவில்லை.

இன்று துண்டோடு கடைக்குப் போனேன். முதலில் "பழகும்" என்ற அதே பாட்டு. லென்சோமீட்டரில் வையுங்கள் என்றதும் அந்தப் பெடியன் என் முகத்தை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தான், பெயர் தெரிந்தவுடன் மரியாதை வரும் போல. வைத்துப் பார்த்தால் இடது ஆக்சிஸ் 120. துண்டில் இருப்பது 20. டொக்டர் −1.25 க்கும் 20 க்கும் நடுவில் ஒரு நேர் கோடு இழுத்திருக்கிறார், அதை 1 என்று வாசித்து 120 ஆக்கியிருக்கிறார்கள். யாரை ஏசுவது என்றே தெரியவில்லை, கோடு எனக்கும் 1 மாதிரித்தான் தெரிகிறது. காசு இல்லாமல் புது லென்ஸ் போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டார்கள், நாலு நாள் தவணை.

கல்முனை_லென்ஸ்:

நல்லது தம்பி. எங்களுக்கும் இது நடந்திருக்கிறது, அதற்குப் பிறகு சந்தேகமான துண்டு வந்தால் டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவோம். புது லென்ஸ் வந்ததும் கடையிலேயே ஒரு கண் ஒரு கண்ணாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னும் ஒன்று, எங்கட பக்கம் கடல் காற்றும் மணலும். கடற்கரையால் வந்து சாரத்தில் துடைத்தால் அந்த மணல்தான் லென்சைக் கீறும். முதலில் பைப் தண்ணியில் கழுவுங்கள், ஒரு துளி பாத்திரம் கழுவுகிற திரவம், பிறகு மெல்லிய துணி. வெயிலில் சைக்கிள் சீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், சூட்டில் கோட்டிங் வெடிக்கும்.

களுவாஞ்சிக்குடியான்:

வந்துவிட்டது. நேற்று வாங்கினேன், நிலம் நிலமாகக் கிடக்கிறது, குத்தும் இல்லை. அம்மா இன்னும் நம்பவில்லை, ஆனால் காலையில் "அந்த மரத்தில தேங்காய் பறிக்கிற பருவமா பாரு" என்று என்னைத்தான் கூப்பிட்டா.

வாவிக்கரை மச்சான், உன் கதையைக் கேட்டு இனி எல்லாருக்கும் சிரிப்பம் என்று இருந்தேன். இன்று காலை ஆரையம்பதிச் சந்தியில் பஸ் நிற்கும்போது ஒருவர் என்னைப் பார்த்துக் கைகாட்டிச் சிரித்தார், நானும் வாய் நிறையச் சிரித்துக் கை காட்டினேன். அவர் எனக்குப் பின் சீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

வாவிக்கரை:

அதுக்குக் கண்ணாடி இல்லை மச்சான்.