15 எச்.பி. மோட்டார்: கணக்கு ஒன்று, மீட்டர் வேறொன்று. வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. காங்கேயம் பக்கம் சின்ன எண்ணெய் மில் நடத்துகிறேன். எக்ஸ்பெல்லருக்கு (எண்ணெய் பிழியும் இயந்திரம்) 15 எச்.பி. (11 கிலோவாட்) மோட்டார், அதைக் குறைந்த கரண்ட்டில் கிளப்பும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். பத்து நாளாக மாலை நேரத்தில் ஓவர்லோட் ரிலே (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) ட்ரிப் ஆகிறது.

நேம் பிளேட்டில் 415 வோல்ட், எபிஷியன்சி 89 சதவீதம், பவர் பேக்டர் 0.85. நானே போட்டுப் பார்த்தேன்: 11000 ÷ (1.732 × 415 × 0.85 × 0.89). 20.2 ஆம்ப்ஸ் வருகிறது. பிளேட்டும் ஏறக்குறைய அதையே சொல்கிறது.

ஆனால் கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிப் பிடித்து கரண்ட் அளக்கும் கருவி) மூன்று பேஸ் லைன்களில் ஆர் 23.8, ஒய் 21.2, பி 19.6 ஆம்ப்ஸ். வோல்டேஜ் 404, 398, 392. சராசரி 398க்குக் கணக்குப் போட்டால் சுமார் 21 ஆம்ப்ஸ், அதுவரை சரி. ஆர் பேஸ் மட்டும் ஏன் இவ்வளவு? வோல்டேஜில் ஒன்றரை சதவீத வித்தியாசமே கரண்ட்டில் பத்து சதவீதம் காட்டுமாம். அல்லது வைண்டிங்கிலேயே (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) கோளாறா?

ரிலே வைண்டிங் பக்கம் இருப்பதால் அதில் லைன் கரண்ட்டின் 0.58 பங்குதான் ஓடும்; அதனால் 20.2ஐ 0.58ஆல் பெருக்கி 12 ஆம்ப்ஸில் வைத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் 14க்கு ஏற்றச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, மோட்டார் எரிந்தால் சீசனே போய்விடும்.

சப்ளை வயர் மூன்றையும் வரிசை மாறாமல் ஓரிடம் நகர்த்தி மாட்டி, கூடுதல் கரண்ட் லைனோடு நிற்கிறதா, மோட்டார் முனையோடு போகிறதா என்று பார்க்கலாம் என நினைக்கிறேன் (லைனோடு நின்றால் சப்ளையில் கோளாறு, முனையோடு போனால் மோட்டாரில்). யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா? அதுவரை லோடைக் குறைத்து ஓட்டினால் போதுமா?