இரவிலேயே அடுக்கி வைக்கும் தயிர், சியா காலையுணவு: எங்கள் வீட்டு அனுபவங்கள்

திருச்சி, பள்ளி ஆசிரியை

காலை 6.40 மணிக்கு நான் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பள்ளிப் பேருந்து எனக்காக நிற்பதில்லை. பல ஆண்டுகளாக, முதல் பாடவேளை முடிந்தபின் ஆசிரியர் அறையில் குடிக்கும் ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும்தான் என் காலையுணவாக இருந்தன. சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று தெரிந்த பிறகுதான், முந்தைய இரவே செய்து வைத்துவிட்டுக் காலையில் பையில் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய உணவு ஏதாவது உண்டா என்று தேடத் தொடங்கினேன். கண்ணாடிக் குப்பியில் ஊறிய சியா விதை (ஊறினால் கூழாகும் ஒரு சிறு விதை), தயிர், பழம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இந்த உணவுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தேன். எட்டு மாதங்களாக வாரத்தில் நான்கு நாள் இதைத்தான் சாப்பிடுகிறேன். முதல் இரண்டு மாதங்கள் பெரும்பாலும் தோல்விகள்தாம். செய்முறை எங்கும் கிடைக்கிறது. எது கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

படங்களில் வெள்ளை, சாம்பல், மஞ்சள் என்று கோடு போட்டதுபோல் அடுக்குகள் நிற்கும். முதல் நாள் காலை என் குப்பியைத் திறந்தபோது மேலே மாம்பழத் துண்டுகள் மிதந்தன, நடுவில் தயிர் திரிந்ததுபோல் கிடந்தது, அடியில் விரற்கடை உயரத்திற்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. சியா விதைதான் சரியில்லை என்று எண்ணி வேறு கடையில் வேறு பொட்டலம் வாங்கினேன். அதுவும் அப்படியே ஆனது. மூன்றாவது முறைதான் பிழை விதையில் இல்லை, தயிரில் இருக்கிறது என்பது புரிந்தது.

வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாம் வடிகட்டிக் கெட்டியாக்கப்பட்ட கிரேக்கத் தயிரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாம் இரவில் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பான பதத்தில் உறைமோர் ஊற்றி வைக்கும் தயிர், பாலில் இருந்த நீர் முழுவதையும் தன்னுள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. பாத்திரத்தில் அசையாமல் இருக்கும்வரை அது கெட்டியாகத்தான் தெரியும். ஒரு கரண்டி வெட்டி எடுத்த பள்ளத்தில் சற்று நேரத்தில் தெளிந்த நீர் ஊறி நிற்பதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அடுக்கும்போது அதே தயிரை நான்கைந்து முறை கரண்டியால் உடைக்கிறோம், மேலே தேனையோ நாட்டுச் சர்க்கரையையோ போடுகிறோம், சாறு விடும் பழத்தை வைக்கிறோம்; இரவு முழுவதும் தண்ணீர் பிரிந்து கீழே இறங்காமல் என்ன செய்யும்? அடியில் இருக்கும் சியாவோ ஏற்கெனவே பாலைக் குடித்து வயிறு நிரம்பியிருக்கும். இறங்கி வரும் நீரை வாங்கிக்கொள்ள அதில் இடமிருக்காது.

ஆகவே தயிரை வடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதிலும் ஒரு பிழை செய்தேன். மே மாதத்தில் ஒரு நாள் தயிரைத் துணியில் மூட்டையாகக் கட்டிச் சமையலறைக் குழாயில் இரவெல்லாம் தொங்கவிட்டேன். திருச்சியின் மே மாத இரவைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கிடைத்தது வாயில் வைக்க முடியாத புளிப்பு. இப்போது காலையில் உறைந்திருக்கும் தயிரை உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மாலை பள்ளியிலிருந்து திரும்பியதும் ஒரு கிண்ணத்தின் மேல் வடிகட்டியை வைத்து, அதில் நன்கு துவைத்த பழைய வேட்டித் துணியை விரித்து, தயிரை ஊற்றி, மூடி, மறுபடியும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைக்கிறேன். மூன்று மணி நேரத்தில் அளவு ஏறக்குறையப் பாதியாகிறது. வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசைந்தால் சப்பாத்தி மிருதுவாக வருகிறது, கொட்டிவிடாதீர்கள்.

ஒரு குப்பிக்கு நான் எடுக்கும் அளவு இது. ஒரு மேசைக்கரண்டி சியா விதைக்கு ஐந்து மேசைக்கரண்டி காய்ச்சி ஆறிய பால். கலந்தவுடன் நிம்மதியாகப் போய்விடக் கூடாது. பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஒரு முறை நன்றாகக் கிளற வேண்டும், இல்லையென்றால் விதைகள் கட்டிகட்டியாகச் சேர்ந்து, உள்ளே ஊறாத விதை அப்படியே இருக்கும். இரண்டு மணி நேரம் ஊறிய பின் அதை அடியில் போட்டு, மேலே வடித்த தயிர், அதற்கு மேல் பழம், மீண்டும் தயிர். வறுத்த நிலக்கடலை, பாதாம், அவல் போன்ற மொறுமொறுப்பான எதையும் இரவில் சேர்ப்பதில்லை. சிறு டப்பாவில் தனியாக எடுத்துப்போய் உண்ணும்போது தூவிக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு எது பிசகியது, எது சரிவந்தது என்பதையும் எழுதுங்கள்.


கோயம்புத்தூர், வங்கிப் பணியாளர்

ஆசிரியை அவர்கள் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்த சிக்கல் கசப்பு. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பப்பாளி மரங்கள் நிற்பதால், பழத்திற்குக் காசு கொடுப்பானேன் என்று பப்பாளியை வைத்தே அடுக்கினேன். இரவு பத்து மணிக்கு ருசி பார்த்தபோது தேனாக இருந்தது, காலை ஏழு மணிக்கு வேப்பிலையை அரைத்துக் கலந்ததுபோல் இருந்தது. தயிர் கெட்டுவிட்டது என்று என் மனைவி கீழே ஊற்றிவிட்டாள். அடுத்த வாரம் அன்னாசி வைத்தபோதும் அதே கதை. அப்போதுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். பப்பாளியில் பப்பைன், அன்னாசியில் புரோமிலைன் என்று புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. பச்சைப் பப்பாளியைப் போட்டால் கறி சீக்கிரம் வெந்துவிடுகிறது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே வேலையைத்தான் இவை தயிரிலுள்ள பால் புரதத்திடம் இரவெல்லாம் செய்கின்றன. உடைந்த புரதத் துணுக்குகளுக்குக் கசப்பு இருக்கிறது. கிவிப் பழத்திற்கும் இதே குணம் உண்டு.

இதற்கு இரண்டு வழிகள் எனக்குத் தெரியும். பப்பாளியைக் காலையில், உண்பதற்குச் சற்று முன் சேர்ப்பது ஒன்று. அன்னாசியாக இருந்தால் சிறு துண்டுகளாக்கி, சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்ப்பது மற்றொன்று. சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும் என்பதால் இரவெல்லாம் இருந்தாலும் கசப்பதில்லை. மாம்பழமும் மாதுளையும் எந்தத் தொல்லையும் தருவதில்லை, மாதுளை தயிரை இளஞ்சிவப்பாக்குகிறது என்பதைத் தவிர. வாழைப்பழம் கறுத்துப்போகும், கெடுதல் இல்லை, ஆனால் என் மகள் தொடமாட்டாள்.


மதுரை, இல்லத்தரசி

நான் எழுதப்போவது அடுக்குவதைப் பற்றியதல்ல, அதற்கு முந்தைய படியைப் பற்றியது. எங்கள் பகுதியில் நாட்டு மருந்துக் கடையில் சியா விதை கேட்டபோது கடைக்காரர் சப்ஜா விதையை எடுத்துக் கொடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்றார். ஒன்றல்ல. சப்ஜா என்பது நம் திருநீற்றுப்பச்சிலையின் விதை. பலூடா குடிப்பவர்கள் கண்ணாடிக் கோப்பையில் பார்த்திருப்பார்கள். நிறம் ஒரே கறுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்ட சில நிமிடங்களிலேயே ஒவ்வொரு விதையும் தனித்தனியாகக் கண்ணாடி உறை போட்டுக்கொண்டு உப்பி நிற்கும். சியாவோ சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று புள்ளியும் வரியுமாக, காடை முட்டையைச் சிறிதாக்கியதுபோல் இருக்கும், மெதுவாக ஊறும், ஊறிய பின் பாலையே கூழாகப் பிணைத்துவிடும். இரண்டும் ஒரே துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம், ஆனால் சப்ஜாவை வைத்து அடுக்கினால் அடித்தட்டு கூழாக நிற்காமல் பாலாகவே ஓடுகிறது. நான் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். என் அப்பாவுக்கு 71 வயது. நான் தினமும் இதைச் செய்வதைப் பார்த்துவிட்டு, ஊறவைப்பதெல்லாம் வீண்வேலை என்று, ஒரு நாள் காலையில் யாருமில்லாத நேரத்தில் ஒரு கரண்டி விதையை உலர்வாகவே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டார். சற்று நேரத்தில் நெஞ்சுக்குள் கல் அடைத்ததுபோல் இருப்பதாகச் சொன்னார், எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே வாந்தி எடுத்து வெளியே வந்துவிட்டதால் தப்பினோம். இந்த விதை தன் எடையைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு நீரை இழுக்கக்கூடியது. அந்த வேலையைக் குப்பியில் செய்யவிடாமல் உணவுக்குழாயில் செய்யவிட்டால் இப்படித்தான் ஆகும். இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல என்பதைப் பிறகு படித்தேன். விழுங்குவதில் அவ்வப்போது சிரமம் இருந்த 39 வயது மனிதர் ஒருவர், ஒரு மேசைக்கரண்டி உலர் சியாவை விழுங்கித் தண்ணீர் குடித்து உணவுக்குழாய் அடைத்துக்கொண்டதும், எண்டோஸ்கோப் எனும் உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி அதை அகற்ற நேர்ந்ததும் 2014ஆம் ஆண்டு அமெரிக்க இரைப்பைக் குடலியல் மருத்துவர்களின் மாநாட்டில் எடுத்துரைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் விதை டப்பாவின் மேல் "ஊறவைத்த பிறகே" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன், அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.


சிங்கப்பூர்

இங்கே கடையில் வாங்கும் தயிர் முன்பே கெட்டியாக இருப்பதால் தண்ணீர்ப் பிரச்சினை எனக்கு வரவில்லை. நான் செய்த பிழை பேராசை. 28 கிராம் சியாவில் ஏறக்குறைய 10 கிராம் நார்ச்சத்து இருக்கிறது என்று படித்ததும், நல்லதுதானே என்று முதல் நாளே மூன்று மேசைக்கரண்டி போட்டுக்கொண்டேன். அதுவரை நார்ச்சத்தே காணாத வயிறு இரண்டு நாள் மத்தளமாக உப்பிக்கொண்டது. இரண்டு தேக்கரண்டியில் தொடங்கி மூன்று வாரங்களில் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏற்றினேன். நாள் முழுவதும் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கிறேன். இப்போது தொல்லை இல்லை.


மைசூரு

நான் தஞ்சாவூர்க்காரன், வேலை நிமித்தம் மைசூரில் இருக்கிறேன். சியா என்றால் ஏதோ விமானத்தில் வந்திறங்கும் பண்டம் என்று எண்ணியிருந்தேன். மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிதான் அதன் தாயகம் என்பது உண்மை; அஸ்டெக் மக்கள் அதைப் பயிரிட்டு உண்டிருக்கிறார்கள். ஆனால் இங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அதை உழவர்களிடம் பரப்பியதன் பயனாக மைசூர் வட்டாரத்திலேயே இப்போது விளைகிறது. உள்ளூர் விதையில் எனக்குக் கிடைத்த ஒரே குறை மண்ணும் தூசியும். ஊறிய பின் கழுவ முடியாது, ஊறும் முன் கழுவினாலும் விரலில் பசையாக ஒட்டும். ஆகவே உலர்வாகவே முறத்தில் புடைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து எடுத்து வைக்கிறேன். என் பல்லில் மணல் அகப்பட்ட பிறகு கற்றுக்கொண்ட பாடம்.


மீண்டும் திருச்சி, பள்ளி ஆசிரியை

மதுரைச் சகோதரியின் அப்பா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. எங்கள் வீட்டு டப்பாவிலும் இன்றே எழுதி ஒட்டிவிட்டேன்.

எத்தனை நாள் தாங்கும் என்று சிலர் தனியே கேட்டிருக்கிறார்கள். பாலில் ஊறிய சியாவை மட்டும் மூடி வைத்தால் மூன்று நாள் வரை எனக்கு நன்றாகவே இருந்திருக்கிறது. தயிரும் பழமும் சேர்த்து அடுக்கியதை இரண்டாம் நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை. வீட்டுத் தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகுமே ஒழியத் தூங்கிவிடுவதில்லை, புளிப்பு ஏறிக்கொண்டேதான் போகும். அதனால் ஞாயிறன்று ஒரு வாரத்திற்குச் செய்து வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஞாயிறு, செவ்வாய் என்று இரண்டு இரவுகளில் இரண்டிரண்டு குப்பிகள் செய்கிறேன். மின்வெட்டு நீண்டுவிட்ட இரவுகளில் செய்ததை மட்டும், மனம் கேட்காவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடுகிறேன். குப்பியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போய் எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுகிறேன்.

சர்க்கரை குறைந்ததா என்ற கேள்விக்கு, மூன்று மாதச் சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்வேன். பிஸ்கட்டை நிறுத்தியதும், மாலையில் நடக்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான் என்பதால், பெருமை முழுவதையும் குப்பிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

என் மாமியார் இதை முதலில் ஏற்கவே இல்லை. "ராத்திரியே செஞ்சு வச்சுக் காலைல சாப்பிடறதுன்னா, பழைய சோத்துல மோரை ஊத்திக் குடிச்சுட்டுப் போயேன், இதுக்கு எதுக்கு இத்தனை குப்பி?" என்று கேட்டார்கள். எனக்கு இனிப்புத் தயிர் அலுத்துப்போன ஒரு வாரத்தில் அவர்களே ஒரு குப்பி செய்து தந்தார்கள். சியாவைப் பாலுக்குப் பதிலாக நீர்மோரில் ஊறவைத்து அடியில் போட்டு, வடித்த தயிரில் உப்பும் துருவிய இஞ்சியும் கலந்து நடுவில் வைத்து, வெள்ளரியும் மாதுளையும் பரப்பி, கடுகும் கறிவேப்பிலையும் ஒரு வரமிளகாயும் தாளித்து ஆறவிட்டு மேலே ஊற்றியிருந்தார்கள். வெள்ளரியை உப்புப் பிசறிப் பிழிந்துவிட்டுத்தான் சேர்த்தார்களாம், தண்ணீர் விடும் என்று. எனக்கு இரண்டு மாதம் பிடித்த பாடம் அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது வாரத்தில் இரண்டு குப்பி இனிப்பு, இரண்டு குப்பி காரம்.