காத்தே இல்ல, பொறவு அலை எங்கேருந்து வருது?

நான் குளச்சல் பக்கம். ஹைதராபாத்ல இருக்க இன்காய்ஸ்ங்கிற தேசிய கடல் தகவல் மையத்துலேருந்து வர்ற கடல் எச்சரிக்கைய எங்க கடற்கரை ஊர்கள்ல ஆளுகளுக்கு வெளங்குற மாதிரி சொல்றது என் வேலைல ஒரு பகுதி.

கள்ளக்கடல்னு, அதாவது இங்க காத்து இல்லாமலே திடீர்னு பெரிய அலை கரையேறும்னு, எச்சரிக்கை வந்தா கோவில் மைக்ல இத்தன மீட்டர் அலைன்னு வாசிப்பாவ. அப்பிடி வாசிச்ச ஒருநாள் வலை பொத்திட்டு இருந்த மாமா ஒருத்தரு கேட்டாரு, "காத்தே இல்ல, வானமும் வெளுத்து கெடக்கு, பொறவு அலை எங்கேருந்து மக்களே வருது?" சரியான கேள்வி. ஆடி மாசம் அதவிட பெரிய அலையில வள்ளம் எறக்குனவருட்ட மீட்டர் கணக்கு எடுபடாது, அதனால நொடிக் கணக்க எடுத்தேன். நம்ம பக்கத்து காத்துல எழும்புற அலை 7, 8 நொடிக்கு ஒண்ணு வரும் மாமா, இது 16, 18 நொடிக்கு ஒண்ணு, தெக்க ரொம்ப தூரத்துல இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயல்ல பொறந்தது, ஆழக்கடல்ல ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில 500 மீட்டர் வர இருக்கும், அதான் கரையில ஏறுனா சட்டுனு திரும்பாம உள்ள வந்துட்டே இருக்குன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "அப்போ ஆழத்துல கெடக்கவனுக்கு ஒண்ணும் தெரியாது, கரையில கெடக்க வள்ளத்ததான் மேல ஏத்தணும், என்னா?" அவ்வளவுதான், எச்சரிக்கையோட சாராம்சமே அதுதான், நான் சொல்லுமுன்ன அவரே சொல்லிட்டாரு. அலைய எண்ணத் தெரிஞ்சவங்கள்ட்ட அந்த எண்ணத்துலேருந்தே ஆரம்பிக்கணும்னு எனக்கு உறுதியாச்சு.

ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வேற வழி. 18 நொடி அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் போகும், புயல் 5000 கிலோமீட்டர் தள்ளின்னா எப்போ வந்து சேரும்னு போர்டுல போட்டேன். 100 மணி நேரம், நாலு நாளுக்கு மேல. "அப்போ புயல் ஓஞ்ச பொறவும் அலை வருமா சார்?"னு ஒரு பிள்ள கேட்டுது. ஆமா வரும்.

ஆனா வெளியூர்லேருந்து கடல் பாக்க வர்றவங்களுக்கு இந்த கணக்கு எதுவும் வேண்டாம், இதுல நான் பிடிவாதமாவே இருக்கேன். 2024 மே 6 கணபதிபுரம் லெமூர் கடற்கரையில 5 மருத்துவ மாணவங்க அலையில சிக்கி இறந்து போனாங்க, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. அவங்க மாதிரி வர்றவங்களுக்கு போய்ச் சேர வேண்டியது ரெண்டே வரிதான்: கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு பெரிய அலை கூட்டமா வரும், பாறையிலயும் தண்ணி ஓரத்துலயும் நிக்காதீங்க. அத மைக்ல ஒரு தடவ வாசிச்சா பத்தாது, கடற்கரையில கட போட்டிருக்க அக்காமாருட்ட சொன்னா அவங்க ஒவ்வொரு ஆளையும் பாத்து சொல்லிருவாங்க. இப்போ எச்சரிக்கை வந்தா நான் மொதல்ல போறது அங்கதான்.