மறு: நேச்சுரல் ஹிஸ்டரி இல்லஸ்ட்ரேஷன் – தமிழ்ல என்ன வைக்கலாம்?

> இயற்கை வரலாற்று விளக்கப்படம்னே வச்சுடலாமே, எல்லாருக்கும் புரியுமே

புரியாதுங்க ஐயா, என் பிரச்சினையே அதான். பழைய புத்தகங்கள்ல செடி, பூச்சி, மிருகங்களை நுணுக்கமா வரைஞ்ச படங்களுக்குத் தானே நம்ம சொல் பட்டியலுக்குப் பேர் தேடுறோம். ‘இயற்கை வரலாறு’ன்னா பூமி எப்படி உண்டாச்சுன்னு ஆரம்பிக்கப் போறாங்கன்னு தான் தோணும். கிரேக்கத்துல ஹிஸ்டோரியான்னா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கறது, நடந்த கதைங்கிற அர்த்தம் அதுல இருந்து கிளைச்சது தான். பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் புத்தகத்துக்கு அந்தப் பேரை வச்சப்போ மனசுல இருந்தது விசாரணை, நாம கிளையைப் பிடிச்சுக்கிட்டு வரலாறுன்னு எழுதிட்டோம். விளக்கப்படம் இன்னும் மோசம், அம்புக்குறி போட்டு ‘அ, ஆ’ன்னு குறிச்ச பாடப்புத்தகப் படம் தான் கண்ணுல நிக்குது. அதை யாராவது ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டுவாங்களா?

இந்தப் படங்கள் நிஜமா என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு பேர் வைக்கலாம். பூச்சிகளை வரைஞ்ச மரியா சிபில்லா மேரியன் தென் அமெரிக்காவுல இருக்கிற சுரினாம் போய்ட்டு வந்து 1705-ல ஆம்ஸ்டர்டாம்ல போட்ட புத்தகத்துல 60 படம். ஒரே செடி மேல முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி எல்லாம் இருக்கும், புழு கடிச்ச ஓட்டை கூட இலையில விட்டிருப்பாங்க. ஒரே நாள்ல போய் நின்னு இதையெல்லாம் ஒண்ணா பார்த்துட முடியாது. தாவரப் படமும் அப்படித்தான், மொட்டு பூ காய் விதை வேர் எல்லாம் ஒரே தாள்ல ஒரே நேரத்துல இருக்கும், எந்தச் செடியும் நமக்காக அப்படி போஸ் குடுக்காது. அதாவது அவங்க வரைஞ்சது ஒரு செடியை இல்ல, அந்த இனத்தை. எவனாவது இன்னொரு இடத்துல அதைப் பார்த்தா ‘ஆமா இது தான்’னு சொல்லணும், அதுக்குத்தான் இவ்வளவு பாடு.

அதனால என் முன்மொழிவு: இனங்காண் ஓவியம். ‘உயிரோவியம்’ அழகான சொல்லு தான், ஆனா அது ஏற்கனவே கவிஞர்கள் கையில கதாநாயகிக்குப் போயிடுச்சு, திருப்பி வாங்க முடியாது. ‘இன ஓவியம்’னு சுருக்கவும் கூடாது, இனம்னா நம்மாளுங்க உடனே சண்டைக்கு வந்துடுவாங்க.

அடுத்தது பிளேட், அதாவது புத்தகத்துல தனித்தாளா வர்ற படம். அக்கா ‘தகடு’ன்னு எழுதியிருந்தாங்க. அச்சடிச்ச செப்புத் தகட்டுக்கு அது சரி, ஆனா கையில இருக்கிற தாளுக்கு எப்படிங்க பொருந்தும்? இங்கிலீஷ்காரன் ரெண்டையும் ஒரே சொல்லுல சொல்றான்னா அது அவன் வசதி. இன்னொருத்தர் ‘செப்பேடு’ன்னாரு, அது ராஜா நிலம் தானம் பண்ணின சாசனம், கிளியும் கிளையும் அதுல எங்க வரும்? எனக்கு ஏடு போதும்னு தோணுது. பழைய புத்தகத்தைப் பிரிச்சு ஒவ்வொரு தாளா விக்கிறதால தானே இதுல பாதி சுவருக்கு வந்துச்சு, புத்தகத்துல இருந்து உதிர்ந்த ஒத்தைத் தாளுக்கு ஏடை விட நல்ல சொல் ஏது? சேர்த்து ‘ஓவியவேடு’ன்னு மட்டும் எழுதிடாதீங்க, பானை வாய்க்குத் துணியால வேடு கட்டுன மாதிரி காதுல விழுது.

விண்டேஜுக்கு ‘பழம்பதிப்பு’. பழைய மாதிரி தெரியறது வேற, அப்பவே அச்சானது வேற, சொல்லுலயே அந்த வித்தியாசம் தெரியணும். சொந்த அனுபவம். ஆன்லைன்ல ‘ஒரிஜினல்’னு சொல்லி வித்த தேன்சிட்டுப் படம் ஒண்ணு வாங்கினேன், தாள் நல்லா பழுப்பா இருந்துச்சு, மயங்கிட்டேன். லென்ஸ் வச்சுப் பார்த்தா இறக்கை முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளுமா குட்டிக்குட்டிப் புள்ளி, பழுப்புல கூட புள்ளி, அதாவது இப்போ அச்சடிச்ச நகல். கையால கலர் பண்ணின ஏடா இருந்தா கோடு தனியா இருக்கும், கலர் மேல படிஞ்சு அங்கங்க கோட்டைத் தாண்டி வழிஞ்சிருக்கும். படத்தைச் சுத்தி தகடு அமுங்கின பள்ளமும் நகத்துல தட்டும். இதுல எதுவும் தட்டலை.

---

தம்பி, ஏடு எனக்கு ஓகே, தகடை நானே வாபஸ் வாங்கிக்கிறேன். காரணம் நீங்க சொன்னது மட்டும் இல்ல. ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் 1899-ல இருந்து 1904 வரைக்கும் தவணை தவணையா போட்ட 100 படத்துல பலதும் கல்லச்சு (கல்லு மேல வரைஞ்சு அச்சடிக்கிறது), அதை அச்சுக்கு மாத்தினவர் அடால்ஃப் கில்ட்ச். அங்க செப்புத் தகடே கிடையாது, பிளேட்னு தான் சொல்றாங்க. அதனால நகத்துல பள்ளம் தட்டலைன்னா போலின்னு யாருக்கும் சொல்லிக் குடுத்துடாதீங்க, நல்ல கல்லச்சு ஏட்டைக் குப்பையில போட்டுடுவாங்க!

ஆனா ‘இனங்காண்’ல எனக்கு இடறுது. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1515-ல காண்டாமிருகத்தை நேர்ல பார்க்காமலேயே மரக்கட்டை அச்சு போட்டாரு, முதுகுல இல்லாத ஒரு கொம்பையும் சேர்த்து. அதை வச்சு எதை இனங்காண்றது? ஹெக்கலும் ரேடியோலேரியாங்கிற கடல் நுண்ணுயிர்களை எல்லாம் சீரா, சமச்சீரா அடுக்கினது பார்க்க நல்லா இருக்கணும்னு தான். அதைப் பார்த்துத்தானே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரெனே பினே 1900 பாரிஸ் கண்காட்சிக்கு வாசல் கட்டினாரு. இனங்காணவா கட்டினாரு? சுவருக்கு வந்தப்புறம் அந்த வேலையே இல்லாத படத்துக்கு வேலைப் பேரு எதுக்கு?

---

அக்கா, கல்லச்சு விஷயம் எனக்கு உறைக்கவே இல்ல, அந்த வரியைத் திருத்திடறேன். அலங்காரம் சுவருக்கு வந்தப்புறம் ஒட்டிக்கிட்டது இல்ல, வரையறப்பவே உள்ள இருந்ததுன்னு நீங்க சொல்றதையும் ஒத்துக்கறேன். டியூரர் விஷயத்துல மட்டும் விடமாட்டேன். கொம்பு தப்பு தான், ஆனா ஐரோப்பாவுல ரொம்ப காலம் காண்டாமிருகம்னா அது தான்னு நினைச்சாங்களே, தப்பா இனங்கண்டாலும் இனங்கண்டது தானே.

வேலை போனதுக்கு இலக்கணமே பதில் வச்சிருக்கு. ‘இனங்காண் ஓவியம்’ வினைத்தொகை. இனங்கண்ட ஓவியம், இனங்காண்கிற ஓவியம், இனங்காணும் ஓவியம்னு மூணு காலமும் அதுக்குள்ளயே மடிச்சு வச்சிருக்கு. சுவர்ல தொங்குறதுக்கு ‘கண்ட’வை எடுத்துக்கோங்க, இன்னிக்கும் மியூசியத்துல உக்காந்து வரையறவங்களுக்கு ‘காண்கிற’.

இப்போதைக்கு ஏடு, பழம்பதிப்பு ரெண்டையும் பட்டியல்ல ஏத்திடறேன். மூணாவதுக்கு ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க. ‘சித்திரம்’னு மாத்தணும்னு யாராவது வந்தா, ‘இனங்காண் சித்திரம்’ல ஒற்று வராதுங்கிறதையும் சேர்த்துப் படிச்சுட்டு வாங்க.